ரிச்சர்ட்சன் கட்டினதா, அவரைப் பாத்து கட்டினதா? பாஸ்டன்ல ஒரு நாள் போதும்

டொராண்டோல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காங்க: "இங்க ஓல்டு சிட்டி ஹாலை ரிச்சர்ட்சன் ஸ்டைல்னு சொல்றாங்க, அது அவர் கட்டினதா? அடுத்த மாசம் பாஸ்டன் போறேன், கையில ஒரே நாள், கார் கிடையாது, அவரோட எந்தக் கட்டடத்தைப் பாக்கறது?"

இல்லங்க, சிட்டி ஹால் இ. ஜே. லெனாக்ஸ் வடிவமைச்சது, 1899ல திறந்தாங்க. முரட்டுக் கல்லு, பெரிய வளைவுன்னு ஒரு ஸ்டைலுக்கே பேர் கொடுத்த அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் 1886லயே 47 வயசுல கிட்னி வியாதில இறந்துட்டார். ஆனா அவர் பிட்ஸ்பர்க்ல வடிவமைச்ச அலெகேனி கவுண்டி கோர்ட் போட்டோவைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, லெனாக்ஸ் எங்க இருந்து எடுத்தார்னு உடனே புரிஞ்சிடும்.

பாஸ்டன்ல முதல்ல மெட்ரோல காப்ளி ஸ்டேஷன்ல இறங்கி காமன்வெல்த் அவென்யூ, கிளாரண்டன் தெரு முனைக்கு நடங்க. இப்ப ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட்னு பேர் இருக்கற சர்ச், அப்ப பிராட்டில் ஸ்கொயர் சர்ச், அவர் 1870 வாக்குல செஞ்ச வேலை. லூசியானால பிறந்து, ஹார்வர்டு முடிச்சு, பாரிஸ்ல ஆர்க்கிடெக்சர் படிக்கறப்ப அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் வந்து வீட்டுக் காசு நின்னுபோக, அங்கயே ஒரு ஆபீஸ்ல வேலை பாத்து சமாளிச்சு 1865ல திரும்பினவர் இவர், அந்த ஆள் இன்னும் தன் பாணியைத் தேடிட்டிருந்த காலத்துக் கட்டடம் இது. டவர் உச்சில தேவதைகள் எக்காளம் ஊதுதா, அந்தச் சிற்பம் பார்த்தோல்டி, சுதந்திர தேவி சிலை செஞ்சாரே அவரேதான். டவர் அருமை, ஆனா உள்ள பிரசங்கம் சரியா காதுல விழலைன்னு அப்பவே புகார்.

அங்க இருந்து பொடிநடைல டிரினிட்டி சர்ச். நேரம் ஒதுக்கறதா இருந்தா இங்க ஒதுக்குங்க. 1872ல போட்டில ஜெயிச்சப்ப அவருக்கு 34 வயசுகூட ஆகலை, 1877ல கட்டி முடிஞ்சது. அந்த ஏரியாவே சதுப்புல மண்ணு கொட்டி உண்டாக்கினது, அதனால சுமார் 4,500 மரக் கம்பங்களை அடிச்சு இறக்கி அதுமேலதான் மொத்த சர்ச்சும் நிக்குது, அந்த மரம் நிலத்தடி நீர்ல முங்கியே இருக்கணும், நீர் மட்டம் இறங்கினா அழுகிடும், அதனால இன்னிக்கும் மட்டத்தை அளந்துகிட்டே இருக்காங்க. முதல்ல வரைஞ்ச உயரமான டவரை இந்த மண்ணு தாங்காதுன்னுதான் குட்டையா, அகலமா, ஸ்பெயின்ல சலமான்கா பழைய கதீட்ரல் சாயல்ல மாத்தினார். என்னைக் கேட்டா அந்தக் கட்டாயம்தான் அவரைப் பெரிய ஆளாக்கிச்சு. 1885ல ஒரு ஆர்க்கிடெக்சர் பத்திரிகை அமெரிக்காவோட சிறந்த பத்து கட்டடத்துக்கு ஓட்டெடுப்பு வெச்சப்ப இது முதல் இடம், பத்துல அஞ்சு இவரோடது!

இங்க ஒண்ணு கவனிங்க, எல்லாரும் நின்னு செல்ஃபி எடுக்கற அந்த சிற்பம் நெறஞ்ச முன் மண்டபம் அவர் போனப்புறம் 1890கள்ல சேத்தது. உள்ள ஜான் லா ஃபார்ஜ் வரைஞ்ச சுவரோவியம் இருக்கு, விடாதீங்க. வழிபாடு நடக்கற நேரத்துல சுத்திப் பாக்க விட மாட்டாங்க, டிக்கெட் நேரத்தை முன்னாடியே பாத்துக்கோங்க.

அப்புறம் கிரீன் லைன் மெட்ரோல பார்க் ஸ்ட்ரீட் போய் ரெட் லைன் மாறி ஹார்வர்டு, அங்க யுனிவர்சிட்டிக்கு அவர் வடிவமைச்ச செவர் ஹால். முழுக்க செங்கல். இந்த ஸ்டைல்னாலே முரட்டுக் கல்லுதான்னு நெனைக்கறவங்க இதைப் பாக்கணும். வாசல் வளைவோட ஒரு ஓரத்துல கிசுகிசுன்னு பேசினா எதிர் ஓரத்துல நிக்கறவங்களுக்குக் கேக்கும், கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க.

அடையாளம் கேட்டீங்கன்னா, வளைவை மட்டும் நம்பாதீங்க, அதை எல்லாரும் காப்பி அடிச்சாங்க. காப்பில பெரும்பாலும் கோபுரம், தூண், செதுக்கல்னு எல்லாத்தையும் திணிச்சிருப்பாங்க. இவர் வயசு ஏற ஏற ஒண்ணொண்ணா கழட்டிட்டே வந்தார், கடைசில வெறும் சுவரும் ஜன்னலுமே போதும்னு ஆயிடுச்சு. அந்தக் கடைசி கட்டத்தோட உச்சம் சிகாகோல மார்ஷல் ஃபீல்டு கம்பெனியோட ஹோல்சேல் கட்டடம், 1930ல இடிச்சுட்டாங்க, பாவிங்க.

சாயங்காலம் நேரம் மிஞ்சினா அதே ரெட் லைன்ல குவின்சி சென்டர் வரை போங்க, 1882ல முடிஞ்ச கிரேன் லைப்ரரி இன்னும் லைப்ரரியாவே ஓடுது. பிரெயின்ட்ரீ போற டிரெயின்ல ஏறணும், ஆஷ்மாண்ட்னு போட்டிருந்தா ஏறாதீங்க.