அழித்தாலும் திரும்ப எரியும் செக் இன்ஜின் விளக்கு

கேள்வி: என் பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வருகிறது. மெக்கானிக் அழித்துத் தருகிறார். ஒரே வாரத்தில் மறுபடி எரிகிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. சென்சார் அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஸ்கேனரிலேயே ஃப்யூல் ட்ரிம் (இன்ஜின் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) +20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்கு (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். அடிப்பக்க வெடிப்பு மேலோட்டமாகத் தெரியாது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவைக் காற்றுப் பாதைக்குத் திருப்பும் பிசிவி குழாயையும் பார்க்காமல் விடாதீர்கள். ஆர்பிஎம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூல் பம்ப் அழுத்தத்தையும் காற்றளவு சென்சாரின் அழுக்கையும் பாருங்கள். அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே போதும், கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஓட்டாதீர்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பாழாகிவிடும்.