பேட்டரிக்கு எந்தத் தண்ணீர்? சோலார் கேள்வி-பதில்

அரூர் வாசகர்: 24 வோல்ட் சிஸ்டம். நான்கு வருடம் ஓடிய 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி இரண்டில் ஒன்று போய்விட்டது. அதை மட்டும் மாற்றலாமா?

வேண்டாம். சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், பழையது முதலில் தீர்ந்து, முதலில் கொதிக்கும். புதியது அரைச் சார்ஜிலேயே நிற்கும். வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் ஒன்றை மாற்றலாம். உங்களுக்கு இரண்டும்தான்.

பென்னாகரம் வாசகர்: இங்கே டிஸ்டில்டு வாட்டர் எப்போதும் கிடைப்பதில்லை. ஒகேனக்கல் குடிநீர் வருகிறது, வீட்டில் ஆர்.ஓ.வும் இருக்கிறது. அவசரத்துக்கு ஊற்றலாமா?

கூடாது. இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் பதில் இதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல்லுக்கும் எலும்புக்கும் அது நல்ல தண்ணீர். ஆனால் அதிலும் உப்பு உண்டு, குளோரினும் கலக்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது செல்லை விட்டுப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு அத்தனையும் உள்ளேயே தங்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் இன்னும் கொஞ்சம் சேரும். குளோரைடு பாசிட்டிவ் பிளேட்டின் ஈயத்தை அரிக்கும். தண்ணீரோடு வரும் இரும்பு இரண்டு பிளேட்டுக்கும் நடுவே அலைந்து, லோடே போடாவிட்டாலும் சார்ஜை இறக்கிவிடும். உள்ளே போனதை வெளியே எடுக்க வழியே கிடையாது.

ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை (கரைந்திருக்கும் உப்பை அளப்பது) வைத்துப் பாருங்கள்: 40, 50 காட்டும். பேட்டரிக்கு 10-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த ஆர்.ஓ. தண்ணீரையே கேனில் பிடித்து 'பேட்டரி வாட்டர்' என்று விற்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. இருபதாயிரம் ரூபாய் பேட்டரியை ஐம்பது ரூபாய் லாபத்துக்காகக் கொல்கிறார்கள். மூடி சீல் இல்லாத கேனைத் தொடாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி போகும்போது ஐந்து லிட்டர் கேன் இரண்டு வாங்கி வையுங்கள். சீல் உடைக்காத வரை கெடாது. இதில் அவசரம் வர என்ன இருக்கிறது? செல்லில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவை ஒரே நாளில் இறங்குவதில்லையே.

ஊற்றும் நேரமும் முக்கியம். சாயங்காலம், சார்ஜ் நிரம்பிய பிறகு, மிதவையின் மேல்கோடு வரை மட்டும். காலையில் காலி பேட்டரியில் நிரப்பினால் மதியம் வென்ட் (வாயு போகும் துளை) வழியாக ஆசிட் வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், முதலில் அது மூழ்கும் அளவு ஊற்றி, சார்ஜ் ஏற்றி, பிறகு மீதி. பிளாஸ்டிக் புனல்தான், தகரப் புனல் ஆகாது. ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். குறைந்தது தண்ணீர், ஆசிட் அல்ல.

அஞ்செட்டி வாசகர்: பேக்கப் நிற்கவில்லை. என்ன காரணம்?

இவ்வளவுதான் கடிதம். எத்தனை ஏ.எச்., எத்தனை வருடம், பேனல் எத்தனை வாட், எதுவும் இல்லை. ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) ரீடிங் இல்லாமல் என்னால் ஊகிக்கத்தான் முடியும். முழுச் சார்ஜ் ஆனதும் ஒரு மணி நேரம் விட்டு ஆறு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள், பொய் ரீடிங் வரும். ட்யூபுலரில் 1240 அருகே நிற்க வேண்டும். ஐந்து செல் சரியாக இருந்து ஒன்று மட்டும் 1190 என்றால் அந்த செல் போச்சு. ஆறும் ஒன்றுபோல 1180 என்றால் சார்ஜ் போதவில்லை, பிளேட்டில் சல்பேட் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் இது சகஜம். அப்போது லோடைப் பாதியாக்கி, நல்ல வெயில் நாளில் ஈக்வலைஸ் (எல்லா செல்லும் சமமாக நிரம்ப வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டில் ஏற்றும் சார்ஜ்) போடுங்கள்: சுமார் 15.5 வோல்ட், மணிக்கு ஒருமுறை ரீடிங். அடுத்தடுத்து இரண்டு ரீடிங் ஏறாமல் நின்றால் நிறுத்துங்கள். டப்பா கை வைக்க முடியாத சூடு என்றாலும் நிறுத்துங்கள். ஹைட்ரஜன் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், விளக்கோ ஊதுபத்தியோ பக்கத்தில் கூடாது.

தளி வாசகர்: டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது.

வயரைக் கழற்றி, வென்ட் மூடிகள் மூடியிருக்கிறதா பார்த்து, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு சொட்டு சோடாவும் செல்லுக்குள் போகக் கூடாது. துடைத்து, நட்டை இறுக்கிய பிறகு வாசலின். இறுக்குவதற்கு முன் நடுவில் தடவாதீர்கள்.

ராயக்கோட்டை வாசகர்: 330 வாட் பேனல், 12 வோல்ட் பேட்டரி. இருந்தும் நிரம்பவில்லையே?

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். வகைதானே? உங்கள் பேனல் 37 வோல்ட் வாக்கில் வேலை செய்வது. பி.டபிள்யூ.எம். அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கே இழுத்துவிடும். கிடைப்பது 9 ஆம்பியர், அதாவது 120 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் போடுங்கள், அது கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். பேனலைக் குறை சொல்லாதீர்கள்.

காவேரிப்பட்டணம் வாசகர்: மாந்தோப்பு வீட்டை இரண்டு மாதம் பூட்டப் போகிறோம்.

லோடு வயரைக் கழற்றுங்கள், இன்வர்ட்டரை முழுவதும் அணையுங்கள், பேனல் மட்டும் இணைப்பில் இருக்கட்டும். கன்ட்ரோலரில் ஃப்ளோட் (நிரம்பிய பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் வோல்ட்) 12 வோல்ட் பேட்டரிக்கு 13.5. கிளம்பும் முன் மிதவையைப் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர், வேறு எதுவும் அல்ல.