மெட்ச் முடிஞ்சதும் கட்டாயப்படுத்தி கை குடுக்க வைக்கலாமா?

அண்ணா வணக்கம்,

நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். ஸ்கூல்ல படிப்பிக்கிறேன், பின்னேரத்துல தோட்டத்து பையன்களுக்கு ஃபுட்போல் பழக்குறேன், எல்லாம் 15 வயசுக்கு கீழ. போன கிழமை கனடாவுல இருக்க எங்க சின்னம்மா அவங்க மகன் ஐஸ் ஹொக்கி விளையாடுற வீடியோ அனுப்பியிருந்தாங்க, அவனுக்கு 12 வயசு. விளையாட்டு நல்லா தான் இருந்துச்சு, ஆனா வீடியோ முழுக்க யாரோ ஒரு தகப்பன் ரெஃப்ரிய ஏசிக்கிட்டே இருக்காரு, அந்த ரெஃப்ரியே ஸ்கூல் பையன் மாதிரி இருக்கான். அவ்வளவு வசதியுள்ள நாட்டுலயே இப்படின்னா நாங்க என்ன செய்யுறது? எங்க டீம்ல நல்லா விளையாடுற பையன் ஒருத்தன் தோத்தா கை குடுக்க மாட்டேங்குறான், போன மெட்ச்ல எதிர் டீம் பையன பின்னால இருந்து தள்ளிவிட்டான். கட்டாயப்படுத்தி கை குடுக்க வைக்கலாமா? அவன வெளிய உட்கார வச்சா தோத்துருவோம், தோட்டமே என்னை ஏசும்.

ஒரு வாசகர், மஸ்கெலியா

அன்புள்ள தம்பி,

நீங்க கேட்டிருக்கது அந்தப் பையன பத்தி, ஆனா எனக்கு முதல்ல பேச தோணுறது வீடியோவுல ஏசுன அந்த தகப்பன பத்தி தான். ஏன்னா கனடாக்காரங்க இந்த பிரச்சினையோட ரொம்ப காலமா மல்லுக்கட்டிட்டு கடைசியா அம்மா அப்பாகிட்ட தான் வந்து நின்னாங்க. 2010ல கல்கரி நகரத்துல சிறுவர் ஹொக்கிய நடத்துறவங்க ஒரு முடிவெடுத்தாங்க, அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தராவது விளையாட்டுல மரியாதையா நடந்துக்கிறத பத்தி ஒன்லைன்ல ஒரு மணித்தியாலம் மாதிரி ஒரு கோர்ஸ் முடிக்கணும், முடிக்கலன்னா புள்ளைக்கு விளையாட இடமில்ல. பிறகு அது மத்த இடங்களுக்கும் பரவிருச்சு. புள்ளைக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுக்க கோச் இருக்காரு, ரூல் புக் இருக்கு, எல்லாம் சரி, ஆனா அந்தப் புள்ள வீட்டுக்கு போறப்போ கார்ல பக்கத்துல இருக்கது அந்த தகப்பன் தானே, வழி நெடுக ரெஃப்ரிய திட்டிக்கிட்டே போனா அத தான் புள்ள படிக்கும்.

ரெஃப்ரி ஸ்கூல் பையன் மாதிரி இருக்கான்னு எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் ஸ்கூல் பையனே தான் தம்பி. அங்க சின்ன வயசு மெட்சுகள்ல விசில் ஊதுறது நிறைய பேர் 18 வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்க, ஏச்சு தாங்காம விட்டுட்டு போறவங்களும் நிறைய. நோவா ஸ்கோஷியா மாகாணத்துல அப்படிப்பட்ட ரெஃப்ரிகளுக்கு கையில பச்சை பட்டி ஒன்னு கட்டிவிடுறாங்க, பாக்குறவங்களுக்கு இது ஒரு புள்ளைன்னு தெரியணும்னு. அத முதல்ல கேள்விப்பட்டப்போ எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு, புள்ளைய ஏசாதீங்கன்னு பெரியவங்களுக்கு பட்டி கட்டி காட்ட வேண்டியிருக்கே.

நம்ம பக்கத்துலயும் இதே கதை தான், பட்டி மட்டும் தான் இல்ல. தீபாவளிக்கு தோட்டத்து கிரவுண்ட்ல நடக்குற சொஃப்ட்போல் மெட்ச் எத்தனை பாத்திருக்கோம், அம்பயருக்கு நிக்கிறது யாரு? டீம்ல இடம் கிடைக்காத பையன், பேட்டா செருப்போட, ஒரு கையில யாரோட போனோ தொப்பியோ வாங்கி வச்சிக்கிட்டு. அவன் அவுட்டுன்னு கைய தூக்குன உடனே மேல ரோட்டு ஓரத்துல நிக்கிற நாலு பெரியவங்க சத்தம் போடுவாங்க, அவன் எந்த டிவிசன், அவன் அப்பன் யாரு, எவ்வளவு வாங்குனான்னு. தூக்குன கை அப்படியே பாதியில நிக்கும், முகம் செத்துப் போயிரும், பிறகு வந்த எந்த பந்துக்கும் அவன் அவுட் குடுக்க மாட்டான். விளையாடுற மத்த புள்ளைங்க இத பாத்துக்கிட்டு தானே நிக்கிறாங்க? அதனால உங்க பையன்கிட்ட பேசுறதுக்கு முன்னால மெட்ச் பாக்க வர்ற பெரியவங்ககிட்ட பேசுங்க. தோட்டத்து தலைவர், கோயில் கமிட்டிக்காரங்க, சத்தமா பேசுற மாமா ஒருத்தர் இருப்பாரே, அவரையும் கூப்பிடுங்க. ரெஃப்ரிய யாரும் ஏசுனா மெட்ச நிப்பாட்டுவேன்னு முன்னாடியே சொல்லிருங்க, சொன்னா நிப்பாட்டவும் செய்யுங்க.

இப்ப தள்ளிவிட்ட விஷயத்துக்கு வர்றேன், இது கை குடுக்கிறத விட பெரிய விஷயம். ஐஸ் ஹொக்கி கிரவுண்ட சுத்தி பலகைச் சுவர் இருக்கு, அந்தப் பக்கம் பாத்து நிக்கிற ஒருத்தன பின்னால இருந்து இடிச்சா தலை நேரா பலகையில போய் மோதும், கழுத்து ஒடிஞ்சு வாழ்நாள் பூரா படுக்கையில கிடக்குற அளவுக்கு போயிரலாம். அதனால அங்க புள்ளைங்க ஜேர்சி முதுகுல சிவப்பு நிறத்துல ஸ்டொப்னு போட்ட அடையாளம் ஒன்னு தைச்சிருப்பாங்க, வேகமா வர்றவனுக்கு கடைசி நேரத்துலயாவது அது கண்ணுல படட்டும்னு. உடம்பால இடிக்கிறதையே சின்ன வயசுல நிப்பாட்டிட்டாங்க. அல்பர்டா மாகாணத்துல 11, 12 வயசுல இடிக்க விட்டாங்க, கியூபெக்ல விடல, ரெண்டு இடத்தையும் ஒப்பிட்டுப் பாத்தா அல்பர்டா புள்ளைங்களுக்கு காயம் மூணு மடங்குக்கும் மேல. 2013ல கனடா முழுக்க அந்த வயசுக்கு தடை வந்துச்சு, இடிச்சு விளையாடுனா தான் ஆம்பளைன்னு அங்கயும் பேசுனவங்க இருந்தாங்க, இருந்தும் செஞ்சாங்க. நம்ம கிரவுண்ட்ல பலகை இல்ல, ஆனா கல்லு இருக்கு, ஓரத்துல காண் இருக்கு, ஒரு பக்கம் சரிவா தேயிலை மலை. கீழ விழுந்து தலையில அடிபட்டா டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிச்சு போகணும். இத அந்தப் பையன்கிட்ட தனியா கூப்பிட்டு இப்படியே விளக்கி சொல்லுங்க, கூட்டத்துக்கு முன்னால வேணாம்.

கை குடுக்கிறது? கட்டாயம் குடுக்க வைங்க. அங்க சின்னப் புள்ளைங்க மெட்ச் முடிஞ்சதும் ரெண்டு டீமும் வரிசையா நின்னு ஒவ்வொருத்தரா கை தட்டிட்டு தான் போவாங்க, தோத்து அழுதுக்கிட்டு இருக்கவனும் அழுதுக்கிட்டே போவான். மனசுல இல்லாம கை குடுத்தா அது நடிப்புன்னு சில பேர் சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வீட்டுக்கு பெரியவங்க வந்தா புள்ளைய எந்திரிக்க சொல்றோம், மரியாதை மனசுல வந்த பிறகு எந்திரின்னா சொல்றோம்? அவன் கோவமா இருக்கட்டும், கோவத்தோட கை குடுக்கட்டும், ஆனா நீங்களும் எதிர் டீம் கோச்சுக்கு அவன் கண்ணு முன்னாலயே போய் கை குடுக்கணும். நல்லவனா விளையாடுனா ஜெயிக்க முடியாதுன்னு அவன் நினைச்சா கனடா ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி பேர சொல்லுங்க. என்எச்எல்னு சொல்ற வட அமெரிக்காவோட பெரிய ஹொக்கி லீக்ல அவர் அளவுக்கு புள்ளி எடுத்தவங்க யாரும் இல்ல, நல்ல நடத்தையோட திறமையா விளையாடுறவருக்கு 1925ல இருந்து லேடி பிங்னு ஒரு கிண்ணம் குடுக்குறாங்க, அதையும் அவர் 5 தடவை வாங்கியிருக்காரு.

உட்கார வைக்கிறத பத்தி. ஹொக்கியில சின்ன தப்புக்கு 2 நிமிஷம், பெரிய தப்புக்கு 5 நிமிஷம் தனியா ஒரு பெட்டியில போய் உட்காரணும், பதிலுக்கு ஆள் இறக்க முடியாது, டீம் ஒரு ஆள் குறைவா நின்னு சமாளிக்கும். தான் செஞ்சதுக்கு கூட்டாளிங்க மூச்சு வாங்க ஓடுறத அவன் உட்கார்ந்து பாக்கணும், நேரம் முடிஞ்சதும் திரும்ப வந்து விளையாடலாம், யாரும் அவன ஒதுக்கல. எனக்கு இந்த முறை ரொம்ப பிடிக்கும். பிரெக்டிஸ் மெட்ச்ல இருந்தே இத ஆரம்பிங்க, தள்ளுனா 5 நிமிஷம் வெளிய, பதில் ஆள் கிடையாது, கெப்டனா இருந்தாலும் சரி, தலைவர் மகனா இருந்தாலும் சரி. பெரிய மெட்ச்ல பின்னால இருந்து தள்ளுனா ரெஃப்ரி பாக்கலன்னாலும் நீங்களே வெளிய எடுத்துருங்க. தோத்தீங்கன்னா தோட்டம் ஏசும், ஒரு ரெண்டு கிழமை ஏசுவாங்க, ஏசட்டும், அந்த ஏச்ச நீங்க வாங்கிக்கங்க தம்பி, விசில் ஊதுன பையன்மேல போக விடாதீங்க.

அன்புடன்,
அண்ணன்