உராய்வு ஸ்பாட் வெல்டிங் மாதிரியில் அலுமினியம் 900 டிகிரிக்குப் போவது ஏன்?

கேள்வி ஒரு கணினி மாதிரியைப் பற்றியது: சுழலும் டூலைத் தகடுகள் மேல் அழுத்தி, உராய்வுச் சூட்டில் ஒரு புள்ளியில் ஒட்டும் முறை. அதில் உள்ளவை: 1.5 மி.மீ. 6061-டி6 (அலுமினியக் கலவை) தகடுகள் இரண்டு, 10 மி.மீ. விட்டமுள்ள ஷோல்டர் (டூலில் தகட்டோடு உரசும் முகம்), 2000 ஆர்பிஎம், 5 கிலோநியூட்டன் அழுத்தம், உராய்வுக் குணகம் 0.4, அடிப்பக்கம் வெப்பம் கடத்தாதது. 5 விநாடியில் 900 டிகிரி செல்சியஸ்.

இந்த உலோகம் 582 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். உருக்காமல் ஒட்டுவதுதான் இந்த முறையே (மாஸ்டா 2003-ல் ஆர்எக்ஸ்-8 பின்கதவில் செய்தது இதைத்தான்). மெஷ்ஷை (கணக்குக்காகத் தகட்டைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) குறை சொல்ல வேண்டாம். சிக்கல் வெப்ப மூலத்தில் இருக்கிறது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். 5 கிலோநியூட்டனை ஷோல்டர் பரப்பால் வகுத்தால் 64 மெகாபாஸ்கல். அதில் 0.4 மடங்கு, ஏறக்குறைய 25; இதுதான் பரப்பில் உராய்வு இழுக்கும் அளவு. குளிர்ந்த தகட்டின் வெட்டு வலிமை (உள்ளே அடுக்குகள் நழுவாமல் உலோகம் தாங்கும் அளவு) 160 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். அதனால் தொடக்கத்தில் டூல் வழுக்கும், உராய்வுச் சூத்திரம் சரி. சூடு ஏற ஏற அந்த 160 சரிந்து 25-க்கும் கீழே போகும். அப்புறம் உலோகத்தால் 25-ஐத் தாங்க முடியாது. டூலோடு ஒட்டிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே வெட்டுப்படும். நீங்களோ கடைசி வரை 25-ஐயே கொடுக்கிறீர்கள். அதாவது 1370 வாட், நிற்காமல். இரண்டில் எது குறைவோ அதை எடுக்கும்படி எழுதுங்கள்; உருகுநிலையை நெருங்கும்போது வெப்பம் தானாகவே அடங்கும்.

மெஷினில் டார்க் (டூலைச் சுழற்றும் முறுக்கு விசை) பதிவாகிறதா? அப்படியானால் குணகமே வேண்டாம். டார்க்கைக் கோண வேகத்தால் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். உங்கள் 1370 வாட்டுக்கு 6.5 நியூட்டன் மீட்டர் வர வேண்டும், ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் ஒரு பங்கு டூலுக்குள் ஏறிவிடும், அதையும் கழிக்க வேண்டும்.

அடுத்தது அடிப்பக்கம். மெல்லிய தகடு எஃகு ஆன்வில் (அடியில் தாங்கும் கட்டை) மேல் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கம் வெப்பம் போகாது என்று வைப்பது நியாயமே இல்லை. தொடர்பு வெப்பக் கடத்தலுக்கு (தகடும் ஆன்விலும் தொடும் இடத்தில் வெப்பம் கடக்கும் அளவு) கையேட்டில் எண் தேடாதீர்கள். டூல் மேலே ஏறிய பிறகு வெப்ப மூலம் கிடையாது. அந்தக் குளிரும் வளைவை மட்டும் பொருத்தி எண்ணை எடுங்கள். டூல் அழுத்தும்போது அதன் அடியில் கடத்தல் இன்னும் கூடும், அந்த இடத்தில் மட்டும் உயர்த்தலாம். உராய்வுக் குணகத்தையும் இந்தக் கடத்தல் எண்ணையும் ஒன்றாகத் திருகி ஒரே தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி உணரி) வளைவுக்குப் பொருத்தியிருந்தால் அதை நான் நம்ப மாட்டேன். எதையும் அப்படிப் பொருத்திவிடலாம். குறைந்தது இரண்டு தெர்மோகப்பிளாவது வேண்டும், வெவ்வேறு தூரத்தில். தெர்மோகப்பிள் செருகிய துளையின் இடத்தை வெல்டிங்குக்குப் பிறகு வெட்டிப் பார்த்து அளந்துவிடுங்கள். ஷோல்டர் விளிம்பருகே ஒரு மி.மீ. தள்ளினாலே அளவு மாறிவிடும்.