தாத்தாவின் பெயரில் எது குடும்பப் பெயர்?

கேள்வி: என் மனைவியின் தாத்தா 1925இல் மெக்சிகோவிலிருந்து லரேடோ வழியாக டெக்சாஸ் வந்தவர். இங்குள்ள ஆவணங்களில் 'ஹோசே ஜி. எர்னாண்டெஸ்' என்று இருக்கிறது. சொந்த ஊர் ஹலிஸ்கோ மாநிலத்தில் 'சான் ஹுவான்' என்று மட்டும் தெரியும். இரண்டு ஆண்டுகளாகத் தேடியும் அவருடைய பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. 1927இல் அங்கேயே பிறந்த தங்கையின் திருமுழுக்குப் பதிவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த 'ஜி.'யில்தான் விஷயம் இருக்கிறது. மெக்சிகோவில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலில் தந்தையுடையது, பிறகு தாயுடையது. அமெரிக்க எழுத்தர்கள் பலர் கடைசியில் வருவதையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டு, தந்தையின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். தாத்தா கார்சியா (García) எர்னாண்டெஸாகவோ கோன்சாலெஸ் (González) எர்னாண்டெஸாகவோ இருந்திருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் இதுவரை தேடியது அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டை. அதுவும் வீணல்ல. அங்கே பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை; தாயின் பெயர் எர்னாண்டெஸ் என்றே இனி தேடுங்கள்.

அதற்கு முன் ஊர் உறுதியாக வேண்டும். மெக்சிகோவில் சான் ஹுவான்கள் ஏராளம். ஹலிஸ்கோ என்றால் சான் ஹுவான் தே லோஸ் லாகோஸ் நினைவுக்கு வரும். ஆனால் அது பெரிய திருத்தலம், சுற்றுவட்டாரச் சிற்றூர்க்காரர்களும் அந்தப் பெயரையே சொல்லியிருப்பார்கள். ஆகவே லரேடோ எல்லைப் பதிவை முதலில் எடுங்கள். பிறந்த ஊரோடு, மெக்சிகோவில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊர் தெரிந்ததும் அரசுப் பிறப்புப் பதிவுக்குப் போகலாம். 1859இல் மெக்சிகோ அதிபர் ஹுவாரெஸின் அரசு கொண்டுவந்த ஏற்பாடு அது. பிறந்த குழந்தையின் தாத்தா, பாட்டி பெயர்கள்கூடப் பல பதிவுகளில் உண்டு. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளத்தில் இவற்றின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பழைய எழுத்தர்கள் மரியாவை இரண்டே எழுத்திலும் குவாதலூபேயை மூன்றே எழுத்திலும் முடித்துவிடுவார்கள். படியெடுத்தவர் அதைத் தவறாக வாசித்திருந்தால் தேடலில் அந்தப் பெயர் சிக்காது.

தங்கையின் பதிவு கிடைக்காததற்குக் காரணம் அவர் பிறந்த ஆண்டு. 1926 ஜூலை இறுதி முதல் 1929 ஜூன் வரை, அரசுக்கும் திருச்சபைக்கும் மூண்ட மோதலில் கோயில்களில் பொது வழிபாடு நின்றுபோயிருந்தது. திருச்சபை ஆதரவாளர்கள் அரசை எதிர்த்து நடத்திய கிறிஸ்தேரோ போர் மிகக் கடுமையாக நடந்த பகுதிகளில் ஹலிஸ்கோவும் ஒன்று. குருக்கள் வீடுகளில் மறைவாகத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். சில பதிவுகள் பின்னால் பேரேட்டில் ஏறின, சில ஏறவே இல்லை. 1929, 1930ஆம் ஆண்டுப் பக்கங்களையும் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அரசுப் பதிவுதான் வழி.

தாத்தாவின் திருமுழுக்குப் பதிவு கிடைத்தால் பக்க ஓரத்தைக் கட்டாயம் படியுங்கள். 1908க்குப் பிறகு நடந்த திருமணங்களைத் திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. டெக்சாஸ் கோயிலில் நடந்த திருமணமும் பாட்டியின் பெயரும் அங்கே இருந்தால், ஆயிரம் ஹோசேக்களில் உங்கள் ஹோசே அவர்தான்.