ஒரு லேப்டாப்புக்குள் மூன்று கம்ப்யூட்டர்: மன்னார்குடி அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா,

போன வாரம் நீங்கள் போனில் கேட்டபோது நான் பஸ்ஸில் இருந்தேன், அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் லேப்டாப்போடு கும்பகோணம் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போனது. அதனால் இப்போது விவரமாக எழுதுகிறேன்.

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் கறுப்புத் திரையில என்னமோ ஓடுது. கேட்டா மூணு கம்ப்யூட்டர் ஓட்டுறேங்குது. வீட்டுல இருக்கிறது ஒண்ணுதானே சார்?" என்றீர்கள். பாப்பா சொன்னது பொய் இல்லை. டாக்கர் என்று ஒன்று இருக்கிறது. ஒரே லேப்டாப்புக்குள் தனித்தனி அறை போட்ட மாதிரி கண்டெய்னர்களை அது ஓட்டும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். அப்படி மூன்றில் அப்பாச்சி நைஃபை என்ற மென்பொருளைப் பாப்பா ஏற்றி, மூன்றையும் சேர்த்து ஒரே கூட்டமாக வேலை செய்ய வைக்கிறது. இதைத்தான் கிளஸ்டர் என்கிறார்கள்.

நைஃபை என்ன செய்யும் என்பதை நீடாமங்கலம் மூணாறு தலைப்பை வைத்தே சொல்லிவிடலாம். வெண்ணாற்றில் வரும் தண்ணீரை அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரித்து விடுகிறார்கள் அல்லவா? அதுபோல ஓர் இடத்திலிருந்து வரும் தகவலை வாங்கி, வடிகட்டி, எந்தெந்த இடத்துக்குப் போக வேண்டுமோ அங்கே அனுப்புவதுதான் இதன் வேலை. கீழே வாய்க்கால் நிரம்பினால் மேலே மதகை இறக்குவோமே, அதுவும் இதில் உண்டு. ஒரு வரிசையில் காத்திருக்கும் தகவல் பத்தாயிரம் துண்டுகளோ ஒரு ஜிபியோ சேர்ந்துவிட்டால், அமைப்பை நாம் மாற்றாத வரை, மேலே இருப்பது தானாக நின்றுவிடும். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தன் சொந்த உபயோகத்துக்கு எழுதிய மென்பொருள் இது. 2014-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், காசு கட்டத் தேவையில்லை.

சரி, இதில் என்ன பெரிய கஷ்டம்? ஓட்டுவது கஷ்டமில்லை. பூட்டுப் போட்டு ஓட்டுவதுதான் கஷ்டம். மூன்று கண்டெய்னரும் ஒன்றோடொன்று பேசும்போது "நீ உண்மையிலேயே நம்ம ஆள்தானா?" என்று சான்றிதழ் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இரண்டு சேர்ந்திருந்தன, மூன்றாவது வெளியே நின்றது. நான் வாயே திறக்கவில்லை. பாப்பா லாகை, அதாவது என்னென்ன நடந்தது என்று மென்பொருள் தானே எழுதி வைக்கும் குறிப்பைத் திறந்து மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தது. மூன்றாவதன் சான்றிதழில் பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தது. கண்டெய்னருக்குள் அந்தப் பெயருக்கு 'நானேதான்' என்று அர்த்தம், பக்கத்து அறைக்காரன் அந்தப் பெயரை வைத்து அதைத் தேட முடியாது. சரியான பெயர் போட்டுப் புதுச் சான்றிதழ் எடுத்தது, மூன்றாவதும் வந்து சேர்ந்தது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பாப்பா நைஃபைக்குள் போனால், உனக்கு அனுமதி இல்லை என்றது அது. நிர்வாகியின் பெயரை அமைப்புக் கோப்பில் எழுதும்போது காற்புள்ளிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டுப்போயிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு எழுத்து குறைந்த பெயர் என்றால் எத்தனை நாள் அலைவோம்? அதே கதைதான். திருத்திவிட்டு மறுபடி ஓட்டியது. அப்போதும் அதே பதில். ஏனென்றால் அந்த முதல் நிர்வாகியின் பெயரை நைஃபை ஆரம்பத்தில் ஒரு தடவைதான் படிக்கும். பயனர், அனுமதி என்று இரண்டு கோப்புகளை உண்டாக்கிவிட்டால் அப்புறம் நாம் திருத்தியதைத் திரும்பிப் பார்க்காது. மூன்று கண்டெய்னரிலும் அந்தப் பழைய கோப்புகளை அழித்த பிறகுதான் கதவு திறந்தது. இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. நடுவில் டீ கொடுத்தேன், ஆறிப்போனது.

இந்த அரை மணி நேரத்தைத்தான் நான் மதிப்பாகப் பார்க்கிறேன். நைஃபை தெரிந்த புது ஆள் வேண்டும் என்று கேட்டு வரும் வேலைகள் குறைவு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். இப்படித் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டேட்டா இன்ஜினியர் வேலைக்கு, டேட்டாபேஸில் இருந்து தகவலைக் கேட்டெடுக்கும் எஸ்கியூஎல், நிரல் எழுதும் பைத்தான், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மூன்றும் முதலில் கேட்பார்கள். எஸ்கியூஎல்லில் பாப்பா கொஞ்சம் பலவீனம்தான், அதையும் நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் சான்றிதழ், அனுமதி, கண்டெய்னர், லாக் படிப்பது, இந்த நான்கும் எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும்.

பாப்பாவிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு மூன்றும் தினமும் வெளியாகின்றன அல்லவா? அதை எடுத்து ஒரு டேட்டாபேஸில் தினம் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் போய் முதல் நாளே போன் செய்து, "சார், ஒரே நீர்மட்டம் மூணு தடவை பதிவாயிருக்கு" என்றது. மூன்று கண்டெய்னரும் தனித்தனியாகப் போய் ஒரே தகவலை எடுத்து வந்திருக்கின்றன. அந்த வேலையைத் தலைமைக் கண்டெய்னர் மட்டும் செய்யும்படி அமைக்க வேண்டும். தலைமை யார் என்பதை ஜூகீப்பர் என்று கூடவே ஓடும் இன்னொரு மென்பொருளின் உதவியோடு முடிவு செய்துகொள்கின்றன. இதைப் படித்துத் தெரிந்துகொள்பவர்களைவிட இப்படி மாட்டிக்கொண்டு தெரிந்துகொள்பவர்கள் மறக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒரு கண்டெய்னரை வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அதன் வரிசையில் காத்திருந்த தகவல் என்ன ஆகும்? மற்ற இரண்டிலும் நகல் இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள், இருக்காது. நிறுத்தியது திரும்பி வரும்வரை அதற்குள்ளேயே கிடக்கும். இண்டர்வியூவில் நானாக இருந்தால் இதைத்தான் கேட்பேன். நடந்த ஒவ்வொரு தப்பையும், திருத்திய விதத்தையும் தேதி போட்டு எழுதி, செய்த வேலையோடு கிட்ஹப்பில், அதாவது நிரல்களை எல்லோரும் பார்க்கும்படி போட்டு வைக்கும் இணையதளத்தில் போடச் சொன்னேன். பாஸ்வேர்டும் சாவிக் கோப்புகளும் மட்டும் தப்பித் தவறியும் அதில் ஏறக்கூடாது.

இனி காசு விஷயம். வேலை உத்தரவாதம் என்று சொல்லி ஒரு பயிற்சி மையம் பெரிய தொகை கேட்கிறது என்றீர்கள். என் அண்ணன் மகனுக்கு இப்படித்தான் ஓர் இடத்தில் கட்டினோம். ஆறு மாதம் கழித்து கையில் ஒரு சட்டம் போட்ட சர்டிஃபிகேட், அவ்வளவுதான். குறுவை அறுத்த காசை அதில் போடாதீர்கள். இப்போது லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம் இருக்கிறது. மூன்று நைஃபையும் ஒரு ஜூகீப்பரும் ஓடினால் மூச்சுத் திணறுகிறது, ஒரு பக்கம் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது. பாப்பா ராத்திரி ஒரு மணி வரை உட்காருவதற்கு அதுவும் ஒரு காரணம். 16 ஜிபி ஆக்கினால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வேலை முடியும்.

ஆனால் சில மெல்லிய லேப்டாப்புகளில் ரேமைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. அதனால் கடைக்குப் போகும் முன் லேப்டாப்பைத் திருப்பி, அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.