தோற்றால் யாரைத் திட்டுவீர்கள்?

கேட்கப்பட்டது: "ஸ்ட்ராடஜி கேம், சிமுலேஷன் கேம் என்கிறார்கள். இரண்டிலும் கட்டடம்தானே கட்டுகிறோம், என்ன வித்தியாசம்? புதிதாக ஆட எது நல்லது?"

கட்டுவது இரண்டிலும் உண்டு, சரிதான். தோற்றுப்போனால் யாரைத் திட்டுகிறோம் என்பதில்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

நான் ஆரம்பித்தது ஹாஸ்டலில், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற ஸ்ட்ராடஜி கேமில். 1999-இல் வந்த கேம். நாங்கள் ஆடியபோதே அது பழசு. தொடக்கத்தில் ஒரு டவுன் சென்டர் (ஆட்களை உருவாக்கும் தலைமைக் கட்டடம்), மூன்று வில்லேஜர்கள் (வேலையாட்கள்). புது வில்லேஜர் வர 50 உணவு, 25 விநாடி. டவுன் சென்டர் சும்மா நிற்கும் ஒவ்வொரு 25 விநாடிக்கும் ஓர் ஆள் நஷ்டம். இந்தக் கணக்கு தெரியாமல் நான் அழகாக மதில் எழுப்பிக்கொண்டிருப்பேன். பக்கத்து அறைக்காரன் 500 உணவு சேர்த்து ஃபியூடல் ஏஜ் என்ற அடுத்த கட்டத்துக்குப் போய், என் விறகுவெட்டிகள் மேல் வில்லாளிகளை ஏவிவிடுவான். பிறகு சாட்டில் 11 என்று தட்டுவான். கேமே ஒரு நக்கல் சிரிப்பு சிரிக்கும். திட்ட ஆள் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தான்.

சிவிலைசேஷன் என்ற கேமும் ஸ்ட்ராடஜிதான், ஆனால் முறை வைத்து ஆடுவது. மவுஸ் வேகம் வேண்டாம், டீ குடித்துவிட்டு வரலாம். ஆபத்து வேறு மாதிரி: முதல் ஐம்பது டர்னில் நகரம் அமைக்கச் சோம்பல்பட்டது இருநூறாவது டர்னில்தான் உறைக்கும். அதற்குள் விடிந்திருக்கும்.

எதிரியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சிமுலேஷன். நகரம் கட்டும் கேமான சிம்சிட்டி பிறந்த கதையே அதுதான். அதை உருவாக்கிய வில் ரைட் முதலில் செய்தது ஹெலிகாப்டரில் பறந்து குண்டு போடும் கேம். குண்டு போடுவதைவிட அதற்கான தீவுகளை வரைவதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. 1989-இல் சிம்சிட்டி வந்தது.

அந்த வழியில் நான் விழுந்து கிடப்பது 2015-இன் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ். ஒருமுறை ஆசைப்பட்டு பெரிய குடியிருப்புப் பகுதி ஒன்றை ஒரே மூச்சில் திறந்துவிட்டேன். ஜனம் திமுதிமுவென்று குடியேறியது. கஜானா நிறைந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தவர்கள், ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள்; ஆகவே ஒரே நேரத்தில் கிழவர்களாகி, ஒரே நேரத்தில் செத்தார்கள். வீட்டுக்கு வீடு மண்டையோட்டுக் குறி. அமரர் ஊர்திகள் நான் போட்ட ஒரே சந்திப்பில் வரிசை கட்டி நின்றன. வீடுகள் காலியாக, வரியும் விழுந்தது. இதற்கு எந்த அறைக்காரனைத் திட்டுவது? தெரு போட்டவன் நான்.

எது நல்லது என்றால், மனுஷனோடு மோத ஆசையா, உங்கள் பழைய முடிவுகளோடு மோதத் தெம்பா என்று பாருங்கள். முதல் ரகம் என்றால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் வில்லியம் வாலஸ் தொடரில் கை பழகுங்கள், அது பயிற்சிக்கென்றே வைத்தது. ராஜேந்திர சோழன் தொடரும் இருக்கிறது, 2022-இல் வந்த கூடுதல் தொகுப்பில். நம்மாள் என்று நேராக அதில் குதிக்காதீர்கள். அதில் நீங்கள் ஆடும் திராவிடர் அணியில் நைட் குதிரைப்படையே கிடையாது, கப்பலையும் காலாளையும் நம்பித்தான் ஆட வேண்டும்.

ஸ்கைலைன்ஸ் என்றால் வீட்டுமனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். சுடுகாட்டுக்கு இரண்டு வழி போடுங்கள்.